நின்றுபோன வேலையை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி? வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் அலுவலகக் கடித ஆங்கிலம் பற்றி எழுதிய பிறகு வந்த கேள்விகளில், வேலை நின்றது, நிறுத்தினார்கள், தள்ளிப்போட்டார்கள், கைவிட்டார்கள் என்பவற்றை எந்தச் சொல்லால் எழுதுவது என்று கேட்டவையே அதிகம். இம்முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஆங்கில வாக்கியங்களை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். பிழை பெரும்பாலும் காதிலேயே தட்டுப்படும்.

எங்கள் சைட்டில் மூன்று மாதமாக வேலை நடக்கவில்லை. ஆலோசனை நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தில் "த வேர்க்ஸ் ஆர் ஸ்டொப்ட் சின்ஸ் லாஸ்ட் த்ரீ மன்த்ஸ்" என்று போட்டேன். மனேஜர் கடிதத்தைத் திருப்பித் தந்துவிட்டார். என்ன பிழை?
கட்டட நிறுவன ஊழியர், வெள்ளவத்தை

இலக்கணப் பிழை இரண்டு. அவற்றைவிடப் பெரிய பிழைகள் இரண்டு.

சின்ஸ் என்றால் பின்னால் தொடங்கிய நாள் வரவேண்டும். கால அளவு வந்தால் ஃபோர். ஆகவே "சின்ஸ் ஃபர்ஸ்ட் மார்ச்" அல்லது "ஃபோர் த்ரீ மன்த்ஸ்". இரண்டுக்கும் முன்னால் "ஆர் ஸ்டொப்ட்" நிற்காது, "ஹாஸ் பீன் ஸ்டொப்ட்" என்றே வரும். அன்று நின்றது, இன்றும் நின்றபடியே இருக்கிறது என்பதை அந்த "ஹாஸ் பீன்" சொல்கிறது. "வொஸ் ஸ்டொப்ட் ஒன் ஃபர்ஸ்ட் மார்ச்" என்று எழுதினாலும் பிழையில்லை. ஆனால் அது அன்று நடந்ததை மட்டுமே சொல்லும். மறுவாரமே வேலை தொடங்கிவிட்டதா என்பது வாசிப்பவருக்குத் தெரியாது.

அடுத்து "வேர்க்ஸ்". சாதாரண ஆங்கிலத்தில் வேலை என்பது "வேர்க்" தான், பன்மை கிடையாது. கட்டுமான ஒப்பந்தத்தில் பெரிய எழுத்தில் தொடங்கும் "த வேர்க்ஸ்" என்பது வரைவிலக்கணம் தரப்பட்ட சொல். நீங்கள் கட்டித் தர ஒப்புக்கொண்ட அனைத்தையும் குறிக்கும். பி புளொக்கில் பைலிங் (அத்திவாரத் தூண் இறக்கும் வேலை) மட்டும் நின்றிருக்க "த வேர்க்ஸ்" நின்றதாக எழுதினால், முழு ஒப்பந்தமும் நின்றதாக உங்கள் கையாலேயே எழுதிக் கொடுக்கிறீர்கள்.

மனேஜர் கடிதத்தைத் திருப்பியதற்கு உண்மையான காரணம் கடைசிப் பிழையாக இருக்கலாம்: யார் நிறுத்தியது என்று "ஸ்டொப்ட்" சொல்வதில்லை. காசு விஷயமே அதில்தான் இருக்கிறது. இங்கே பரவலாகப் பயன்படும், ஃபிடிக் என்ற சர்வதேச ஆலோசனைப் பொறியியலாளர் சம்மேளனத்தின் மாதிரி ஒப்பந்தமான 1999 சிவப்புப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். வேலைகொள்வோர் நியமித்த எஞ்சினியர் பணித்து நிறுத்தினால் அது 8.8 ஆம் வாசகத்தின்படி "சஸ்பென்ஷன்". காரணம் உங்கள் பக்கம் இல்லையென்றால் கால நீடிப்பும் செலவும் கேட்கலாம். 84 நாளைத் தாண்டியும் தடை நீங்காவிட்டால் தொடர அனுமதி கேட்கலாம். கேட்டு 28 நாளில் அனுமதி கிடைக்காவிட்டால், நின்றது முழு வேலையானால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் அறிவித்தலும் கொடுக்கலாம். பணம் வராததால் நீங்களாக நிறுத்துவதானால் அது 16.1; குறைந்தது 21 நாள் முன்னறிவித்தல் வேண்டும். அதற்கும் சொல் "சஸ்பென்ட்" தான், எழுவாய் மட்டும் "வீ". உங்கள் ஒப்பந்தம் சீடா என்ற நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபையின் உள்ளூர்ப் படிவமாக இருந்தால் வாசக எண்களும் நாட்கணக்கும் மாறலாம், எடுத்துப் பாருங்கள்.

ஒருபோதும் எழுதக்கூடாத சொல் "அபான்டன்". "வீ ஹாவ் அபான்டன்ட் த சைட்" என்று எழுதுபவர், ஆட்களை அழைத்துக்கொண்டு வந்துவிட்டோம் என்பதைத்தான் சொல்ல நினைக்கிறார். ஒப்பந்தக்காரர் வேலையை "அபான்டன்" செய்தால் வேலைகொள்வோர் ஒப்பந்தத்தையே முறிக்கலாம் என்று 15.2 ஆம் வாசகம் அதே சொல்லால் சொல்கிறது.

ஆக, கடிதத்தின் முதல் வரி இப்படி அமையலாம்: "வேர்க் ஒன் ப்ளொக் பீ ஹாஸ் பீன் சஸ்பென்டட் சின்ஸ் ஃபர்ஸ்ட் மார்ச் ஒன் தி எஞ்சினியர்ஸ் இன்ஸ்ட்ரக்‌ஷன்". அதன்பின் பணிப்புக் கடிதத்தின் இலக்கமும் திகதியும், நின்ற பகுதி எது நடக்கும் பகுதி எது என்பதும், கம்பி துருப்பிடிக்காமலும் தோண்டிய குழி சரியாமலும் செய்த பாதுகாப்பும் வரவேண்டும். கால நீடிப்பும் செலவும் கோரும் அறிவித்தலுக்கு அதே புத்தகத்தில் 28 நாள் கெடு. மூன்று மாதம் கழித்து எழுதுகிறீர்கள் என்றால் இலக்கணத்தைவிட அதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

"கேம் டு எ ஹால்ட்", "வொஸ் ப்ரோட் டு எ ஹால்ட்": இரண்டும் ஒன்றா? என் மாணவர்கள் "வொஸ் கம் டு ஹால்ட்" என்கிறார்கள்.
ஆசிரியை, தெஹிவளை

ஒன்றல்ல. முதலாவதில் வேலை தானாக நின்றது. இரண்டாவதில் ஏதோ ஒன்று நிறுத்தியது. "பை" போட்டு அது என்னவென்று சொல்லலாம்: "ப்ரோட் டு எ ஹால்ட் பை த ஃபியூவல் ஷோர்ட்டேஜ்". மாணவர்கள் இரண்டையும் கலக்கிறார்கள். "கம்" என்பதற்குச் செயப்பாட்டுவினை இல்லை. நடுவில் வரும் "எ" யையும் விடமுடியாது. "கேம் டு ஹால்ட்" என்று எந்த ஆங்கிலமும் இல்லை. "ஸ்டாண்ட்ஸ்டில்" என்பதற்கும் இதே விதி: "கேம் டு எ ஸ்டாண்ட்ஸ்டில்", இப்போதும் அப்படியே என்றால் "இஸ் அட் எ ஸ்டாண்ட்ஸ்டில்".

முன்னால் வரும் வினையை மாற்றினால் நின்ற விதம் மாறும். மெல்ல மெல்லச் சக்தி இழந்து நின்றால் "க்ரைண்ட் டு எ ஹால்ட்"; இறந்தகாலம் "க்ரவுண்ட்", "க்ரைண்டட்" அல்ல. திடீரென்று பிரேக் போட்டது போலென்றால் "ஸ்க்ரீச்". பொறுப்பில் உள்ள ஒருவர் போதும் என்று தீர்மானித்தால் "கோல்ட் எ ஹால்ட் டு". "புட் எ ஸ்டொப் டு" மட்டும் கவனம். அது கெட்ட காரியத்துக்கு முற்றுப்புள்ளி வைப்பது: லஞ்சத்துக்கு, பகிடிவதைக்கு. "த மினிஸ்டர் புட் எ ஸ்டொப் டு த லைப்ரரி ப்ரொஜெக்ட்" என்றால், நூலகம் கட்டுவதே ஒரு குற்றம் என்று எழுதியவர் நினைப்பதாகத் தொனிக்கும்.

"ஹால்ட்" தனி வினையாக இரண்டு பக்கமும் ஓடும்: "வேர்க் ஹால்டட்", "தே ஹால்டட் வேர்க்". கரையோரப் பாதையில் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் செக்ரடேரியட் ஹால்ட்டில் தினமும் இறங்குகிறவர்களுக்கு இந்தச் சொல்லைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஸ்டொப் டு வேர்க்" சரியா, "ஸ்டொப் வேர்க்கிங்" சரியா?
ஏ/எல் மாணவன், கொட்டாஞ்சேனை

இரண்டும் சரி, பொருள் எதிரெதிர். "தே ஸ்டொப்ட் வேர்க்கிங்" என்றால் வேலையை விட்டார்கள். "தே ஸ்டொப்ட் டு வேர்க்" என்றால் செய்துகொண்டிருந்த வேறு எதையோ விட்டுவிட்டு வேலை செய்ய நின்றார்கள். "சீஸ்" என்ற சொல்லில் இந்தத் தொல்லை இல்லை. "சீஸ்ட் டு ஒப்பரேட்", "சீஸ்ட் ஒப்பரேட்டிங்" இரண்டுக்கும் ஒரே பொருள்.

செய்தி மொழிபெயர்ப்பவர்கள் நாங்கள். சஸ்பென்டட், ஸ்டோல்ட், ஷெல்வ்ட், கான்சல்ட், ஸ்க்ராப்ட் எல்லாவற்றையும் "இடைநிறுத்தம்" என்றே போடுகிறோம். ஆங்கிலத்துக்கு மாற்றும்போது எதைத் தெரிவது?
பத்திரிகை ஊழியர், கொழும்பு 12

மூன்று கேள்வி கேளுங்கள். யாராவது உத்தரவிட்டார்களா? திரும்பத் தொடங்கும் வழி திறந்திருக்கிறதா? அதற்கு நாள் குறித்தார்களா? நம்மூர்ச் செய்திகளே நல்ல உதாரணம்.

துறைமுக நகர வேலை 2014 செப்டெம்பரில் தொடங்கியது. புதிய அரசு 2015 மார்ச்சில் மீளாய்வுக்காக நிறுத்தியது. 2016 இல் மீண்டும் தொடங்கியது. உத்தரவு இருந்தது, கதவு மூடப்படவில்லை. அது "சஸ்பென்டட்". வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை 2022 ஏப்ரல் 12 இல் நிறுத்தியபோது அரசு தெரிந்தெடுத்த சொல்லும் அதுவே. கட்டமாட்டோம் என்று சொல்லவில்லை, பேசி முடிக்கும்வரை கட்டுவதை நிறுத்துகிறோம் என்றது.

மாலபே–கோட்டை இலகு ரயில் வேறு கதை. ஜப்பானின் ஜைக்கா கடனில் வரவிருந்த அந்தத் திட்டத்தை 2020 செப்டெம்பரில் அரசு ரத்துச் செய்தது. அது "கான்சல்ட்", ஒப்பந்த மொழியில் "டேர்மினேட்டட்", தலைப்பில் இடம் குறைவென்றால் "ஸ்க்ராப்ட்". அதை "சஸ்பென்டட்" என்று எழுதிய ஆங்கிலச் செய்தியை ஜப்பானிய வாசகர் பார்த்தால், திட்டம் இன்னும் உயிரோடு இருப்பதாக எண்ணியிருப்பார்.

மத்திய அதிவேகப் பாதையின் கடவத்தை–மீரிகம பகுதி 2022 நெருக்கடியில் நிதி நின்றுபோனதால் முடங்கியது. 2025 இல் மீண்டும் தொடங்கியது. இதற்கு "ஸ்டோல்ட்" பொருந்தும். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் எண்ணெய் இல்லாமல் அணைந்துபோவதற்குச் சொல்லும் சொல் அது. உத்தரவுக் கடிதம் தேவையில்லை. பேச்சுவார்த்தைக்கும் பொருந்தும். ஆனால் ஆளை எழுவாயாக்கினால், "த மினிஸ்ட்ரி இஸ் ஸ்டோலிங்" என்றால், வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டாகிவிடும்.

"ஷெல்வ்ட்" என்பது கோப்பை அலுமாரியில் ஏற்றிவைப்பது. ரத்து என்று யாரும் சொல்லவில்லை, எடுப்பார்கள் என்று யாரும் நம்பவும் இல்லை. நாள் குறித்தோ, ஒரு நிபந்தனை நிறைவேறும்வரையோ என்றால் "புட் ஒன் ஹோல்ட்". அரச கடிதங்களில் வரும் "கெப்ட் இன் அபேயன்ஸ்" என்பதும் கிட்டத்தட்ட இதுவே. பழைய வாசனை அடிக்கும், பிழையில்லை. இந்தப் பிராந்தியத்துக்கு வெளியே "ஹெல்ட் இன் அபேயன்ஸ்" என்றால் காதுக்கு இயல்பு.

அபிவிருத்தி நிறுவனமொன்றின் கூட்டக் குறிப்பில் "த ப்ரொபோசல் வொஸ் டேபிள்ட்" என்று எழுதினேன். அமெரிக்காவிலிருந்து நிதி தருபவர், ஏன் கைவிட்டீர்கள் என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்!
திட்ட இணைப்பாளர், பம்பலப்பிட்டி

அவர் மீதும் பிழையில்லை, உங்கள் மீதும் இல்லை. பிரித்தானிய வழக்கிலும் நமது நாடாளுமன்ற வழக்கிலும் "டேபிள்" என்றால் பேச்சுக்கு எடுத்து முன்வைப்பது. அமெரிக்க வழக்கில் பேச்சிலிருந்து எடுத்து ஒதுக்கிவைப்பது. ஒரே சொல், எதிர்ப் பொருள். இரு பக்கமும் வாசிக்கும் குறிப்பில் இந்தச் சொல்லே வேண்டாம். முன்வைத்தீர்கள் என்றால் "ப்ரெசென்டட்", தள்ளிவைத்தீர்கள் என்றால் "டிஃபேர்ட்" என்று எழுதி, எந்தக் கூட்டத்துக்கு என்பதையும் சேருங்கள்.

முன்னேற்ற அறிக்கையில் "ஹால்டிங் ப்ரோக்ரஸ்" என்ற தலைப்பில், வேலை நிற்கக் காரணங்களை எழுதினேன். மேலதிகாரி சிரித்தார். ஏன்?
கள உத்தியோகத்தர், மட்டக்குளி

"ஹால்டிங்" பெயரடையாகவும் வரும். அப்போது தட்டுத்தடுமாறும், விட்டுவிட்டு நகரும் என்று பொருள். "ஹால்டிங் இங்லிஷ்" என்றால் திக்கித்திணறிப் பேசும் ஆங்கிலம். உங்கள் தலைப்பை வாசிப்பவர், திட்டம் தடுமாறித் தடுமாறியாவது நகர்கிறது என்று நினைப்பார். காரணங்களைச் சொல்வதானால் "ரீசன்ஸ் ஃபோர் த ஸ்டொப்பேஜ்" என்று நேராகப் போடுங்கள்.

"ப்ரோக்ரஸ்" என்ற சொல்லைப் பற்றியும் சொல்லவேண்டும், நம் அறிக்கைகளில் அதிகம் அடிபடுவது அதுதான். பெயர்ச்சொல்லாக அதற்குப் பன்மை இல்லை, முன்னால் "எ" வராது. "எ குட் ப்ரோக்ரஸ்" பிழை, "குட் ப்ரோக்ரஸ்" சரி. "டூ" அல்ல, "மேக்" செய்யவேண்டும். "ப்ரோக்ரஸ் வொஸ் ஸ்டொப்ட்" என்று எழுதினால் இலக்கணம் இடிக்காது, ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர் அப்படிச் சொல்லமாட்டார். "ப்ரோக்ரஸ் ஹாஸ் ஸ்டோல்ட்", "ப்ரோக்ரஸ் ஹாஸ் ஸ்லோட்" என்பார். வேலையை நிறுத்தலாம், முன்னேற்றம் தானாகத்தான் தேங்கும்.

தாமதத்தையும் நிறுத்தத்தையும் குழப்பவேண்டாம். "ஹாம்பர்", "ஹிண்டர்", "இம்பீட்" மூன்றும் தடங்கல் மட்டுமே. மழையால் வேலை "ஹாம்பர்ட்" என்றால் மெதுவாக நடந்தது. நடக்கவேயில்லை என்றால் "ஹெல்ட் அப் பை ரெய்ன்" என்று எழுதி எத்தனை நாள் என்பதைச் சேருங்கள். அட்டவணைக்குப் பிந்தினால் "பிஹைண்ட் ஷெட்யூல்", நடுவில் "த" வேண்டாம்.

எங்கள் தொடர்மாடி அறிவித்தல் பலகையில்: "லிஃப்ட் சேர்விஸ் இஸ் கான்சல்ட் அன்டில் ஃபேர்தர் நோட்டிஸ்". சரியா?
குடியிருப்பாளர், கிருலப்பனை

"கான்சல்ட்" என்றால் முடிந்தது. "மறு அறிவித்தல்வரை" என்றால் முடியவில்லை. இரண்டையும் ஒரே வரியில் போடமுடியாது. "சஸ்பென்டட் அன்டில் ஃபேர்தர் நோட்டிஸ்" என்றால் சரி. பலர் முன்னால் "டெம்பரரிலி" சேர்ப்பார்கள். தற்காலிகம் என்பது "சஸ்பென்ட்" என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, ஆனாலும் குடியிருப்பாளர் பதறாமல் இருக்க அறிவித்தலில் அது இருந்துவிட்டுப் போகட்டும். "பேர்மனன்ட்லி சஸ்பென்டட்" மட்டும் வேண்டாம், நிரந்தரமென்றால் "டிஸ்கண்டினியூட்".

பரீட்சை, கூட்டம் போன்ற நிகழ்வுகளுக்கு "போஸ்ட்போன்". கடதாசித் தட்டுப்பாட்டால் 2022 மார்ச்சில் மேல் மாகாணத் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டபோது, நாள் குறிக்கப்படாததால் "போஸ்ட்போன்ட் இன்டெஃபினிட்லி" என்று எழுதுவதே பொருத்தம். "போஸ்ட்போன்ட் டு எ லேட்டர் டேட்" என்று எழுதுவதில் பயனில்லை. முந்திய திகதிக்கு எதையும் பிற்போட முடியாது.

எங்கள் கந்தோரில் ஒருவர் "இன்டர்டிக்டட்". கனடாவில் இருக்கும் தம்பிக்கு இது விளங்கவில்லை. பிழையான ஆங்கிலமா?
அரச ஊழியர், பத்தரமுல்லை

பிழையில்லை, இலங்கை ஆங்கிலம். விசாரணை முடியும்வரை அரச ஊழியரைப் பணியிலிருந்து நிறுத்துவதற்குத் தாபனக் கோவை பயன்படுத்தும் சொல் "இன்டர்டிக்‌ஷன்". வேறு நாட்டவருக்கு எழுதும்போது "சஸ்பென்டட் பென்டிங் இன்குவயரி" என்று போடுங்கள். "டேர்மினேட்டட்" என்று தப்பித்தவறியும் எழுதவேண்டாம், அது வேலை நீக்கம்.

"அட்ஜேர்ன்", "ப்ரோரோக்", "டிசொல்வ்" மூன்றுக்கும் தமிழ்ச் செய்தியில் ஒத்திவைப்பு, கலைப்பு என்று மாறிமாறி வருகிறதே?
சட்ட மாணவி, பொரளை

அமர்வை அடுத்த நாளுக்குத் தள்ளுவது "அட்ஜேர்ன்". கூட்டத்தொடரையே முடித்துவைப்பது "ப்ரோரோக்". நமது அரசியலமைப்பின் 70 ஆம் உறுப்புரைப்படி இரண்டு மாதத்துக்குள் அடுத்த கூட்டத்தொடர் தொடங்கவேண்டும், முடியாமல் கிடந்த அலுவல்களை அதில் தொடரலாம். "டிசொல்வ்" என்றால் அந்த நாடாளுமன்றமே இல்லை, தேர்தல்தான். 2018 இல் இரண்டும் இரண்டு வாரத்துக்குள் நடந்தன: ஒக்டோபர் 27 இல் ப்ரோரோக், நவம்பர் 9 இல் டிசொல்வ். கலைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்று டிசெம்பர் 13 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைப் பற்றி எழுதும்போது சொல் மாறினால் வழக்கே மாறிவிடும்.

நீதிமன்றச் செய்தியில் இன்னொன்று. "ஸ்டே" செய்வது ஒரு தீர்மானத்தை அல்லது நடவடிக்கையை. "ரெஸ்ட்ரெய்ன்" செய்வது ஆளை. "த கோர்ட் ஸ்டேய்ட் த டெவலப்பர்" என்று எழுதமுடியாது. "ரெஸ்ட்ரெய்ன்ட் த டெவலப்பர் ஃப்ரொம் பில்டிங்" என்றே வரும். "ஃப்ரொம்" வந்தால் பின்னால் "இங்", "டு பில்ட்" அல்ல.

நிறுத்தம் என்ற பெயர்ச்சொற்களுக்குப் பின்னால் டு, ஒன், இன், ஒவ்: எது எங்கே?
மொழிபெயர்ப்பாளர், மருதானை

விதி தேடவேண்டாம், சோடியாகப் பாடமாக்குங்கள்: "எ ஹால்ட் டு", "அன் எண்ட் டு", "எ ஃப்ரீஸ் ஒன்", "எ போஸ் இன்", "எ டிலே இன்", "த சஸ்பென்ஷன் ஒவ்". கோவிட் காலத்தில் கடன் தவணைச் சலுகையோடு வீட்டுக்கு வீடு தெரிந்துபோன "மொரட்டோரியம்" என்பதற்கும் "ஒன்" தான்: "எ மொரட்டோரியம் ஒன் லோன் ரீபேமன்ட்ஸ்".

"புல்ட் த ப்ளக் ஒன் த ப்ரொஜெக்ட்" என்று கடிதத்தில் எழுதலாமா?
வாசகர், கிராண்ட்பாஸ்

ஆதரவை நிறுத்தித் திட்டத்தை முடித்துவிடுவதைச் சொல்லும் பேச்சுவழக்கு அது. பத்திரிகைப் பத்தியில் எழுதலாம். கடிதத்தில் வேண்டாம்.

வேலை மீண்டும் தொடங்கினால்? "ரிசியூம் அகெய்ன்" என்று எழுதுகிறோம்.
தள மேற்பார்வையாளர், வத்தளை

"அகெய்ன்" தேவையில்லை, "ரிசியூம்" என்பதிலேயே மீண்டும் என்பது அடங்கும். "வேர்க் ரிசியூம்ட் ஒன் ஃபிஃப்த் ஜூன்", "வீ ரிசியூம்ட் வேர்க்", இரண்டும் சரி. இடையில் நின்ற வேலைக்கு "கண்டினியூட்" போட்டால் நிற்கவேயில்லை என்று ஆகிவிடும். கால நீடிப்புக் கேட்டவர் அப்படி எழுதுவது தன் கோரிக்கையைத் தானே வெட்டுவது. அடியிலிருந்து புதிதாகத் தொடங்கினால் "ரீஸ்டார்ட்" பொருந்தும். ஃபிடிக் 8.12 இன்படி தொடர அனுமதி கிடைத்ததும் எஞ்சினியரும் ஒப்பந்தக்காரரும் சேர்ந்து வேலையையும் பொருட்களையும் பார்வையிடவேண்டும். ஆகவே தொடங்கிய திகதியோடு அந்தக் கூட்டுப் பார்வையின் திகதியையும், கண்ட சேதங்களையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.